ஒரே எழுத்தாளரோடு ஓராண்டு: நவீனத் தமிழ்ப் புனைவுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஜனவரி பிறந்தால் "இந்த ஆண்டு நூறு புத்தகம்" என்று சபதம் எடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சபதத்தில் பிழையில்லை, நூறுதான் வினை. எண்ணிக்கையை எட்டும் அவசரத்தில் மெலிந்த நூல்களாகப் பார்த்து எடுக்கத் தோன்றும். படித்ததை மறுபடி படிக்க மனம் வராது; இரண்டாம் வாசிப்பு கணக்கில் ஏறாதல்லவா? மார்ச்சில் முடித்த நாவலின் நாயகி பெயர் ஜூலையில் மறந்துபோயிருக்கும்.

நான் பரிந்துரைப்பது இதற்கு நேர் எதிரான வழி. ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டு முழுவதும் அவரையே படியுங்கள். பள்ளியில் பாடநூலும், பிறகு வாரப் பத்திரிகைத் தொடர்களும், இரண்டொரு சரித்திர நாவல்களும் படித்துவிட்டு, வேலை, குடும்பம் என்று ஆனதும் வாசிப்பை விட்டுவிட்டவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும்.

ஒருவரையே படிப்பதில் என்ன லாபம்? எந்த எழுத்தாளரிடமும் முதல் இரண்டு மூன்று கதைகள் நம்மை வாசலிலேயே நிறுத்திவைக்கும். அவருடைய தெருக்கள், சாப்பாடு, உறவுமுறை, கிண்டல் எல்லாம் பழகிய பிறகுதான் கதைக்குள் தாராளமாக நடமாட முடியும். ஆண்டுக்கு நூறு பேரைப் படிப்பவர் நூறு வாசல்களில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று எழுத்தாளர்கள், ஆளுக்கு மூன்று சிறுகதைகள். முதல் மாதத்துக்கு இவ்வளவுதான். சிறுகதையிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் நவீன இலக்கியத்தின் அடித்தளம் சிறுகதைதான். 1933இல் தொடங்கிய மணிக்கொடி இதழின் காலத்திலிருந்தே நம் பெரிய எழுத்தாளர்கள் பலர் தங்கள் முழுத் திறமையையும் சிறுகதையில்தான் காட்டியிருக்கிறார்கள்.

யார் யாரைச் சோதிக்கலாம்? கிண்டலும் கோபமும் ஒரே வரியில் வந்தால் பிடிக்கும் என்பவர் புதுமைப்பித்தனை எடுக்கலாம். பேச்சின் ருசியும் சங்கீதமும் காவிரிக்கரை மனிதர்களும் வேண்டுமென்றால் தி. ஜானகிராமன். குரலை ஒருபோதும் உயர்த்தாமல், சொல்லவேண்டியதில் பாதியைச் சொல்லாமலேயே விட்டுவிடும் எழுத்து வேண்டுமென்றால் அசோகமித்திரன். திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோன்ற கதை வேண்டுமென்றால் கி. ராஜநாராயணன். வீட்டுக்குள் பெண்கள் வாழ்ந்து தீர்க்கும் வாழ்க்கையைக் கூர்மையாகப் பார்க்க அம்பை. 1988இல் வந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு நல்ல நுழைவாயில். இலங்கை வாசகர்களுக்கு எஸ். பொன்னுத்துரையும் கே. டானியலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். தமிழகத்தவர்தான் அவர்களைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

மௌனியை மட்டும் முதல் ஆண்டுக்கு வேண்டாம் என்பேன். அவர் எழுதியவை மொத்தமே சுமார் 24 கதைகள். ஒரு வாரத்தில் படித்துவிடலாம், ஓராண்டிலும் பிடிபடாமல் போகலாம். மூன்றாம் ஆண்டில் அவரிடம் போங்கள்.

ஒன்பது கதைகளையும் படித்தபின் ஒரு வாரம் எதையும் தொடாதீர்கள். பிறகு யோசித்துப் பாருங்கள்: எந்தக் கதை தானாக நினைவுக்கு வருகிறது? குளிக்கும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ எந்த ஆள் வந்து எதிரில் நிற்கிறார்? அவரை எழுதியவர்தான் உங்கள் எழுத்தாளர். எந்தக் கதை "பிடித்தது" என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிடித்த கதைகள் சீக்கிரம் மறந்துபோகும். எரிச்சலூட்டிய கதை பல நேரங்களில் நெடுநாள் கூட வரும்.

படி 2: நல்ல பதிப்பு

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்ந்தபோது வெளியான நூல்களுக்கு அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. 1944இல் இறந்த கு.ப. ராஜகோபாலன், 1948இல் இறந்த புதுமைப்பித்தன் போன்றோரின் அத்தகைய நூல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பலரும் அச்சிடுகிறார்கள். விலை மலிவு, அட்டை பளபளப்பு, உள்ளே ஒரு பத்தியையே காணோம். பழைய அச்சை இயந்திரத்தில் வருடி எழுத்தாக மாற்றி, யாரும் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் வெளியிட்ட நூல்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று இருக்கிறதா? பதிப்பாசிரியர் பெயர் உண்டா? ஒவ்வொரு கதையும் எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்ற குறிப்பு உண்டா? மூன்றுக்கும் விடை இல்லை என்றால் நடுவில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். ர, ற மாறியும் ண, ன குழம்பியும் ஒரே பக்கத்தில் இரண்டு பிழைகள் கண்ணில் பட்டால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

செம்மையான பதிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000ஆம் ஆண்டில் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' நூலை ஒருமுறையாவது நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். கதைகள் வெளிவந்த கால வரிசையில் இருக்கும். இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் உள்ள பாடவேறுபாடுகளும் பின்னால் இருக்கும். அதைப் பார்த்தபின் மலிவுப் பதிப்பைக் கையில் எடுக்கவே கூசும்.

படி 3: எழுதிய வரிசையில் படித்தல்

"தேர்ந்தெடுத்த சிறந்த கதைகள்" என்ற தொகுப்போடு நின்றுவிடாதீர்கள். சிறந்தவை மட்டுமே வரிசையாக வந்தால் எழுத்தாளர் பிறக்கும்போதே மேதையாகப் பிறந்ததுபோல் தெரியும். சுமாரான கதைகளும் வேண்டும். அவர் எதைச் செய்து பார்த்தார், எதைக் கைவிட்டார் என்பது அவற்றில்தான் தெரியும்.

புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். 'பொன்னகரம்' 1934இல் வந்தது. சில பக்கங்களே உள்ள கதை. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, வண்டியோட்டும் கணவனுக்கு அடிபட்டுவிட, அவனுக்குப் பால் கஞ்சி வாங்கச் சந்தில் என்ன விலை கொடுக்கிறாள் என்பதுதான் விஷயம். முடிவில் ஆசிரியரே முன்னால் வந்து கற்பைப் பற்றிப் பேசுபவர்களைப் பார்த்துக் கேட்டுவிடுகிறார். ஒன்பது ஆண்டுகள் தள்ளி, 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைக்கு வாருங்கள். அதே சென்னை, அதே பணமுடை. பிராட்வே முனையில் நின்று, டிராமா, பஸ்ஸா, நடையா, எதில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும் என்று கணக்குப் போடும் ஒரு மனிதர். அவரிடம் வழி கேட்கும் கடவுள். ஆசிரியர் குறுக்கே வந்து நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கோபம் அடங்கிவிட்டதா, வேடம் மாறியிருக்கிறதா? இடையில் வந்த கதைகளைப் படித்தவரால்தான் இதற்குச் சொந்தமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே நாளில் ஒரு "டாப் டென்" தொகுப்பில் படித்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

படி 4: ஒரு கதையை மூன்று முறை

எல்லாக் கதைகளையும் மூன்று முறை படிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும். இந்த வழிகாட்டியில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை வைத்துச் சொல்கிறேன். முதல் முறை வெறுமனே படியுங்கள், பென்சில் வேண்டாம். பட்டணத்தின் விளிம்பில் ஒரு வீடு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள். கதை அவள் மூச்சு அடங்கும் கணத்தில் தொடங்கி, பிறகு பின்னால் போகிறது.

ஓரிரு நாள் கழித்து இரண்டாம் முறை. இப்போது முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரியும். உண்மையில் முதல் வரியிலேயே தெரிந்திருந்தது. அப்படியென்றால் ஆசிரியர் ஏன் அதை முன்னாலேயே சொல்லிவிட்டார்? சொல்லாமல் கடைசிவரை இழுத்திருந்தால் நாம் எதை எதிர்பார்த்துப் படித்திருப்போம்? பிழைப்பாளா மாட்டாளா என்ற பதைப்பில் பக்கங்களைத் தள்ளியிருப்போம். அந்தப் பதைப்பை அவர் முதலிலேயே பிடுங்கிவிட்டதால் வேறெதையாவது பார்க்க வேண்டிய நிலை நமக்கு வருகிறது. அது என்ன? இங்கே பென்சிலை எடுங்கள். பிள்ளை கைகளால் செய்யும் காரியங்களை எல்லாம் கோடிடுங்கள்.

மூன்றாம் முறை, கோடிட்ட இடங்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அவர் மனத்தில் ஓடுவதை ஆசிரியர் எங்கே சொல்கிறார், எங்கே வெறும் காரியத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்? எனக்கு இது ஒரு தாம்பத்தியக் கதையாகவே படுகிறது; மரணம் அதற்கு ஒரு சட்டகம்தான். உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம். வாய்விட்டுப் படிக்கச் சொல்வது ஓசைக்காக மட்டுமில்லை. கண் ஒரு வரியைத் தாண்டிப் போய்விடும், நாக்கால் அப்படித் தாண்ட முடியாது. நெல்லைப் பேச்சு, தஞ்சைப் பேச்சு, கரிசல் பேச்சு எதுவானாலும் காதில் விழுந்தால்தான் அதிலிருக்கும் கேலியும் மரியாதையும் பிரிந்து தெரியும்.

படி 5: தெரியாத சொற்கள்

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். பாதிச் சொற்கள் அடுத்த இரண்டு பக்கங்களில் தாமாகவே விளங்கிவிடும்.

மீதிக்குக் கைவசம் இருக்கவேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் வந்தது, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தருவதால் அகராதியையே தனியாக உட்கார்ந்து படிக்கலாம். பழைய சொற்களுக்கும் வடமொழிச் சொற்களுக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்தது, இன்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வட்டாரச் சொற்களுக்கு இவை இரண்டும் போதாது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் ஒன்று செய்திருக்கிறார். நாவலாசிரியர்களே அகராதி தொகுக்க உட்கார்ந்தது, கல்வித்துறை செய்யவேண்டிய வேலை அவர்கள் தலையில் விழுந்ததால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது தனிக் கதை.

அகராதிக்கு முன் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் செய்து கேளுங்கள். சொல்லோடு இரண்டு கதைகளும் சேர்ந்து கிடைக்கும்.

படி 6: குறிப்பேடு

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். ஒரு கதைக்கு மூன்று வரிகள்: தேதி, நினைவில் நின்ற ஒரு காட்சி, பதில் தெரியாத ஒரு கேள்வி. நட்சத்திரக் குறியோ மதிப்பெண்ணோ வேண்டாம்.

படி 7: நாவலுக்குப் போதல்

ஐந்தாறு மாதங்கள் கழிந்தபின் உங்கள் எழுத்தாளரின் நாவலுக்குப் போகலாம். சிலரிடம் அதற்கு வழியில்லை. புதுமைப்பித்தன் 'சிற்றன்னை' என்ற குறுநாவலோடு நின்றுவிட்டார். அப்படியானால் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' போன்ற ஒரு சிறிய நாவலை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பிற்பகலில், ஒரு சல்லிக்கட்டுத் திடலில் நடந்து முடியும் கதை. சிறுகதையின் இறுக்கம் குலையாமலே நாவலாகியிருக்கிறது.

பெரிய நாவல்களில் பலர் முதல் ஐம்பது பக்கங்களுக்குள் கரை ஒதுங்கிவிடுகிறார்கள். பொதுவாக ஆள் குழப்பம்தான் காரணம். ஒரு துண்டுத் தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படிக்கும்போது கும்பகோணத்துத் தெருக்களைவிட இந்தத் தாள்தான் அதிகம் உதவும்.

சில நாவல்களுக்கு வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' சிக்கந்தராபாத்தில் நடக்கிறது. 1947 ஆகஸ்டில் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை, ரஜாக்கர்கள் என்ற ஆயுதப்படை அங்கே ஆட்டம் போட்டது, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே போனது. இவ்வளவு தெரிந்தால் போதும். கிரிக்கெட் மட்டையோடு திரியும் அந்தக் கல்லூரிப் பையனின் கலக்கம் புரிய ஆரம்பித்துவிடும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படிக்க ஒரு வரைபடம் வேண்டும். மெடான், பினாங்கு, மலாக்கா நீரிணை இவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்காசியாவைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய நாவல் அது, 1972இல் வந்தது. மலாய்ச் சொற்களும் சங்கப் பாடல் வரிகளும் மதுரைக் கடைத்தெரு நினைவுகளும் ஒரே பத்தியில் மோதும்போது பதறாதீர்கள். எல்லாமே விளங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

படி 8: நூல்கள் கிடைக்கும் இடங்கள்

முதலில் நூலகம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது; அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. ஆகவே அந்த நூல்களுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். போய் எடுத்துவருவதுதான் பாக்கி. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. நல்ல நூல்களைப் பீரோவில் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிடும் கிளை நூலகங்களில் அந்த விதியை நினைவூட்டத் தயங்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 1896இல் திறந்த கன்னிமாரா இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இலும், மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலும் வந்தன. பழைய இதழ்களைத் தேடும் அளவுக்குப் பித்து முற்றினால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து உருவான இடம் அது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற திட்டத்தின் இணையத்தளம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன சமூகம், ஒவ்வொரு பக்கத்தையும் வருடிச் சேமிப்பதில் காட்டும் முனைப்பு தமிழகத்துக்கு இன்னும் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பழைய புத்தகக் கடைகளுக்குப் பட்டியலோடு போகாதீர்கள். உங்கள் எழுத்தாளர் பெயர் மட்டும் நினைவில் இருக்கட்டும். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். திருவல்லிக்கேணி நடைபாதைகளில் இன்றும் ஏதாவது அகப்படும்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. முடிந்தால் இரண்டு முறை போங்கள். முதல் முறை பணம் கொண்டுபோகாமல், எந்தப் பதிப்பு எந்த அரங்கில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, டெல்லி அப்பளத்தோடு திரும்பிவிடுங்கள். அப்பளத்துக்கு மட்டும் சில்லறை இருக்கட்டும். இரண்டாம் முறை நேராகப் போய் வாங்குங்கள். பை நிறைய வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு அடுத்த ஜனவரி வரை தொடாமல் இருப்பவர்களும் பதிப்பாளர்களுக்குத் தேவைதான். நீங்கள் அந்தத் தொண்டைச் செய்யவேண்டியதில்லை.

படி 9: விமர்சனமும் வரலாறும்

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நம் முன்னுரைகளில் பாதி கதையின் முடிவைச் சொல்லிவிடும்; மீதிப் பாதி முன்னுரை எழுதியவரைப் பற்றியே இருக்கும்.

எழுத்தாளரின் பாதி நூல்களையாவது முடித்தபின் விமர்சனத்துக்குப் போகலாம். அதற்குமுன் போனால் விமர்சகரின் கண்ணையே வாங்கி மாட்டிக்கொள்வீர்கள். தமிழில் கறாரான இலக்கிய விமர்சனத்துக்கு ஒரு மேடை வேண்டுமென்று சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். வெளியிட்ட நூல்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அந்த இதழின் பழைய பக்கங்களில் நண்பர்களே ஒருவரை ஒருவர் எப்படி வெட்டிப் பேசியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. வாழ்க்கை வரலாறு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொ.மு.சி. ரகுநாதன் எழுதி 1951இல் வந்த 'புதுமைப்பித்தன் வரலாறு' நண்பர் எழுதியது. நெருக்கம் இருக்கும், சாய்வும் இருக்கும். இரண்டையும் கணக்கில் வைத்தே படிக்க வேண்டும்.

படி 10: பேச நாலு பேர்

இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசி வந்திருக்கிறது. அந்த அளவுக்கு அமைப்பெல்லாம் வேண்டாம். நான்கு முதல் ஆறு பேர், மாதத்துக்கு ஒரு கதை, ஒன்றரை மணி நேரம்.

ஒருவர் கதையை முழுவதும் வாய்விட்டுப் படிக்கட்டும். வீட்டில் படித்துவிட்டு வந்ததாகச் சொல்பவர்களில் சிலர் படித்திருக்கமாட்டார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி அதைப் பற்றி மட்டும் பேசட்டும். "இந்தக் கதை சொல்ல வருவது என்னவென்றால்" என்று யாராவது தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதிகம் பேசாதவர் முதலில் பேசட்டும், அதிகம் படித்தவர் கடைசியில். தலைமை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் கூடாது. பொன்னாடை உள்ளே வந்தால் கதை வெளியே போய்விடும்.

இரண்டாம் ஆண்டுக்கு

அடுத்த எழுத்தாளரைத் தேடிப் பட்டியல்களுக்குத் திரும்பவேண்டியதில்லை. முதலாமவரே வழிகாட்டுவார். அவர் யாருக்குக் கடிதம் எழுதினார், யாரோடு சண்டை போட்டார், யாரை மொழிபெயர்த்தார் என்று பாருங்கள். புதுமைப்பித்தனை முடித்தவர் மணிக்கொடியில் உடன் எழுதிய கு.ப.ரா.விடம் போகலாம், ஆண் பெண் உறவை அவர் தொட்ட விதம் முற்றிலும் வேறு. அசோகமித்திரனைப் படித்தவர், அவர் பல ஆண்டுகள் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கணையாழியின் பழைய இதழ்களைப் புரட்டினால் ஒரு தலைமுறையே கிடைக்கும். கி.ரா.வைப் படித்தவருக்கு வேலை இன்னும் சுலபம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள அதே இடைசெவலில், அதே 1923இல் பிறந்தவர் கு. அழகிரிசாமி, இருவரும் நெருங்கிய நண்பர்கள். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தொடங்குங்கள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே கரிசல் மண். இரண்டு பேரும் அதை எவ்வளவு வேறுவேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அடுத்த டிசம்பர் வரை பொழுது சரியாக இருக்கும்.